பெண்கள் கால்பந்தில் ‘சம ஊதியம்’: எந்தப் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

“யாரு சார் பாக்குறாங்க? டிக்கெட் விக்காத ஆட்டத்துக்கு இன்னாத்துக்கு சமமா காசு குடுக்கணும்?”

பெண்கள் கால்பந்து என்று பேச்செடுத்தால் வேலூரில் டீக்கடை முதல் கல்லூரி ஸ்டாஃப் ரூம் வரை இந்தக் கேள்விதான் முதலில் வந்து விழும். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. கணக்கு அப்படித்தான் என்று நம்பிக் கேட்கிறார்கள். “ஒரே 90 நிமிஷம், ஒரே கோல் போஸ்ட், அப்ப ஒரே சம்பளம்தானே?” என்று பதில் சொல்கிறவர்களும் அதே அளவுக்கு அவசரப்படுகிறார்கள். எந்தப் பணம், அதை யார் தருகிறார்கள், எதிலிருந்து தருகிறார்கள் என்று இரண்டு பக்கமும் சொல்வதில்லை. அதனால் பேச்சு சண்டையாக முடிகிறதே தவிர விளங்குவதில்லை.

கால்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரும் படிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆஃப்சைடு விதி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு வீராங்கனையின் கைக்கு வரும் பணம்

கால்பந்து ஆடிச் சம்பாதிக்கும் ஒருவருக்கு நாலு வழிகளில் பணம் வரும். முதலாவது கிளப் சம்பளம். கிளப் என்பது ஒரு ஊரையோ கம்பெனியையோ சேர்ந்த தனியார் அணி, சென்னையின் எஃப்சி மாதிரி. அது தன் வருமானத்திலிருந்து மாதச் சம்பளம் தருகிறது. இரண்டாவது, நாட்டுக்காக ஆடும்போது அந்த நாட்டின் கால்பந்துச் சங்கம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தரும் தொகை. இதை மேட்ச் ஃபீ என்பார்கள். மூன்றாவது பரிசுத்தொகை. உலகக் கோப்பை போன்ற போட்டியில் எந்தச் சுற்று வரை போனீர்கள் என்பதைப் பொறுத்து, போட்டியை நடத்தும் அமைப்பு கொடுப்பது. கால்பந்தில் அந்த அமைப்பு ஃபிஃபா. நாலாவது விளம்பரம்.

இந்த நாலில் எது சமம், எது சமமில்லை என்று தனித்தனியாகத்தான் கேட்க முடியும். நமக்குப் பழகின கிரிக்கெட்டிலேயே இதைப் பார்த்துவிடலாம். 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே மேட்ச் ஃபீ என்று அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். நல்ல முடிவு. மறுநாளே “இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்” என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அதே வாரியம் வீரர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத் தொகை என்று வேறொன்றும் தருகிறது. 2024–25-ல் ஆண்களின் மிக உயர்ந்த பிரிவுக்கு அது 7 கோடி ரூபாய். பெண்களின் மிக உயர்ந்த பிரிவுக்கு 50 லட்சம். மேட்ச் ஃபீ சமமானது உண்மை. சம்பளம் சமமாகிவிட்டது என்பது உண்மையில்லை. இரண்டும் ஒரே அலுவலகத்திலிருந்து போகும் காசோலைகள்தான்.

கால்பந்தில் நார்வே 2017-லேயே தேசிய அணியின் தொகையைச் சமமாக்கியது. 2020-ல் பிரேசிலும் இங்கிலாந்தும் தாங்களும் சமமாகவே தருவதாக அறிவித்தன. இதெல்லாம் சங்கம் தரும் பணம். சங்கத்தின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் முடிந்துபோகிற காரியம். கிளப் சம்பளமும் ஃபிஃபா பரிசும் அப்படி முடிவதில்லை. பெரிய இடைவெளி இருப்பதும் அந்த இரண்டில்தான்.

2018-ல் ஆண்கள் உலகக் கோப்பைக்கு ஃபிஃபா ஒதுக்கிய பரிசு 40 கோடி டாலர். அடுத்த ஆண்டு பெண்கள் உலகக் கோப்பைக்கு 3 கோடி டாலர். கோப்பையை வென்ற பிரான்ஸ் ஆண்களுக்கு 3.8 கோடி கிடைத்தது, வென்ற அமெரிக்கப் பெண்களுக்கு 40 லட்சம். அடுத்த முறை, 2022 ஆண்கள் கோப்பைக்கு 44 கோடியும் 2023 பெண்கள் கோப்பைக்கு 11 கோடியும். நாலு ஆண்டில் 3 கோடி 11 கோடியானது பெரிய ஏற்றம். அப்படியும் ஆண்கள் தொகையில் அது கால்வாசிதான்.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ‘சம ஊதியம்’ என்று செய்தி வந்தால், நாலில் எந்தப் பணம் என்று முதலில் பாருங்கள்.

“மார்க்கெட்டு தானே விலையைச் சொல்லுது?”

சரி, ஃபிஃபா ஏன் குறைத்துக் கொடுக்கிறது? “பெண்கள் ஆட்டத்தில் வருமானம் குறைவு, அதனால்” என்பதுதான் பதில். டீக்கடைக் கேள்வியும் இதேதான், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். இந்தப் பதிலுக்குள் என்ன இருக்கிறது என்று நின்று பார்க்க வேண்டும்.

நம்ம நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கினால் கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போடுவார்கள். தக்காளிக்கு விலை உண்டு, கத்தரிக்காய்க்கு விலை உண்டு. கறிவேப்பிலைக்கு அந்தக் கடைக் கணக்கில் விலையே கிடையாது. அதை ஒருவர் பயிர் செய்திருக்கிறார், தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார், விடியுமுன் பறித்து வண்டி ஏற்றியிருக்கிறார். அது இல்லாவிட்டால் வீட்டில் சாம்பார் தாளிக்க முடியாது. பத்து வருஷம் கொசுறாகக் கொடுத்துவிட்டு, “கறிவேப்பிலையால் எனக்கு ஒரு பைசா வருமானம் இல்லை” என்று கடைக்காரர் கணக்கு நோட்டைக் காட்டினால், நோட்டில் இருப்பது பொய் இல்லை. தனியாக விற்றுப் பார்க்காததால் வந்த நிஜம் அது.

பெண்கள் கால்பந்துக்கு நடந்தது இதுதான். விளையாட்டு உலகில் பெரும்பணம் வருவது ஒளிபரப்பு உரிமையில். ஒரு போட்டியை டிவியில் காட்ட ஒரு சேனல் மொத்தமாகக் கட்டும் விலைக்குத்தான் அந்தப் பெயர். பல ஆண்டுகள் ஃபிஃபா ஆண்கள் உலகக் கோப்பையின் உரிமையை விற்கும்போது பெண்கள் கோப்பையையும் அதோடு சேர்த்துக் கட்டி விற்றது. சேனல் கொடுத்த பணம் மொத்தமும் ஆண்கள் கணக்கில் ஏறியது. விளம்பரம் தரும் கம்பெனிகளின் ஒப்பந்தங்களும் அப்படியே. அதன் பிறகு, “பெண்கள் கோப்பை எவ்வளவு சம்பாதித்தது?” என்று கேட்டால் சொல்ல எண் எங்கே இருக்கும்?

2023 கோப்பைக்குத்தான் முதல்முறையாக உரிமைகளைத் தனியாக விற்கப் போனார்கள். ஐரோப்பாவின் பெரிய சேனல்கள் ஆண்கள் கோப்பைக்குக் கொடுப்பதில் மிகச் சிறு பங்கைத்தான் முதலில் கேட்டன. இப்படியே போனால் அந்த நாடுகளில் ஒளிபரப்பே இருக்காது என்று ஃபிஃபா தலைவர் வெளிப்படையாக எச்சரிக்கும் நிலை வந்தது. பிறகு பேசி முடித்தார்கள். சேனல்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அத்தனை ஆண்டுகள் கொசுறாக வாங்கிப் பழகியவர்களிடம் திடீரென்று விலை கேட்டால் அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். பழக்கியது யார் என்பதுதான் கேள்வி.

தனிக் கணக்கு எழுதிய இடத்தில் என்ன தெரிந்தது? 2016 முதல் 2018 வரையான மூன்று ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணியின் ஆட்டங்கள் ஆண்கள் அணியின் ஆட்டங்களைவிடச் சற்று அதிகமாகவே வசூலித்தன. இருவரும் தலா 5 கோடி டாலர் அளவில். பெண்கள் 2015-ல் உலகக் கோப்பையை வென்றவர்கள். ஆண்கள் 2018 கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. வெற்றி, கூட்டம், வசூல் மூன்றும் ஒரு பக்கம் இருக்க, ஒப்பந்தம் மட்டும் இன்னொரு பக்கம் சாய்ந்திருந்தது.

50 வருஷம் பூட்டிய மைதானம்

மார்க்கெட் தானாக உருவானது என்று நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் என் மனதுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

முதல் உலகப் போர்க் காலம். ஆண்கள் போருக்குப் போய்விட, இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் பெண்கள் குண்டுகளும் தோட்டாக்களும் செய்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பும் பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். வயதும் களைப்பும் கலகலப்பும் அப்படியே இருந்த பெண்கள்தான் அவர்கள். பிரெஸ்டன் நகரில் டிக், கெர் என்ற கம்பெனியின் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் பந்தாட ஆரம்பித்து, 1917-ல் ஒரு அணியாகவே ஆனார்கள். காயம்பட்ட போர்வீரர்களுக்கு நிதி திரட்ட ஊர் ஊராக ஆடினார்கள்.

1920 டிசம்பர் 26. லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வாசலோடு திரும்பினார்கள். ‘யாரும் பார்ப்பதில்லை’ என்ற பேச்சுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்ட பதில் இது.

அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது, சங்கத்தில் சேர்ந்த எந்தக் கிளப்பும் தன் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது. யாரையும் சிறையில் போடவில்லை. “ஆடாதே” என்றுகூடச் சட்டம் போடவில்லை. மைதானத்தைப் பூட்டினார்கள், அது போதுமானதாக இருந்தது. மைதானம் இல்லை என்றால் டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லை என்றால் பத்திரிகையில் செய்தி இல்லை. செய்தி இல்லாத ஆட்டத்துக்கு எந்த ஊர்ச் சிறுமி ஆசைப்படுவாள்? டிக், கெர் பெண்கள் விடாமல் கிடைத்த இடங்களில் ஆடினார்கள். அந்த அணியின் நட்சத்திர வீராங்கனை லில்லி பார், இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் 2002-ல் அவரைக் கௌரவித்தபோது உயிரோடு இல்லை.

இந்தத் தடை 1971 வரை இருந்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை இதே மாதிரித் தடை. பிரேசிலில் 1941-ல் அரசு ஆணையாகவே வந்து 1979 வரை நீடித்தது. பெலே மூன்று உலகக் கோப்பைகளை வென்று ஓய்வும் பெற்ற காலம் முழுக்க அவர் நாட்டுப் பெண்கள் பந்தைத் தொட்டால் அது விதிமீறல். அதே பிரேசிலிலிருந்து பிறகு வந்த மார்த்தா உலகக் கோப்பைகளில் 17 கோல் அடித்தார்.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது, வயிறெரிகிற வேடிக்கை. 1971-ல் மெக்சிகோவில் ஃபிஃபா அங்கீகரிக்காத ஒரு பெண்கள் உலகக் கோப்பையைத் தனியார் நடத்தினார்கள். அஸ்டெகா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு ஏறக்குறைய 1,10,000 பேர் வந்ததாகக் கணக்கு. மெக்சிகோவை டென்மார்க் 3–0 என்று வென்றது. மூன்று கோலையும் அடித்த சுசான் அகஸ்டெசனுக்கு அப்போது 15 வயது. இவ்வளவு கூட்டத்தைக் கண்ணால் கண்ட பிறகும் ஃபிஃபா தன் முதல் பெண்கள் உலகக் கோப்பையை நடத்த 1991 ஆனது. ஆண்களுக்கு 1930-லேயே தொடங்கியாயிற்று. 1991 கோப்பையில் பெண்களின் ஆட்டத்துக்கு 90 நிமிடம் இல்லை, 80 நிமிடம்தான்.

ஆக, மைதானத்தைப் பூட்டி ரசிகரைப் பிரித்தது ஒரு தீர்மானம். ரசிகர் இல்லாததை வருமானக் குறைவு என்று எழுதியது அடுத்த தலைமுறை. அந்தக் குறைவையே காரணமாகக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்தது அதற்கடுத்த தலைமுறை. இன்றைய விலையில் அந்த 50 வருஷமும் அடங்கியிருக்கிறது.

கதவைத் திறந்தால் வருகிறார்களா?

வருகிறார்கள். 2022 மார்ச்சில் பார்சிலோனா கிளப் தன் பெண்கள் அணியின் சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் போட்டி) ஆட்டத்தைப் பெரிய மைதானமான காம்ப் நோவில் நடத்தியது. ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான அந்த ஆட்டத்துக்கு 91,553 பேர். அடுத்த மாதமே இன்னொரு ஆட்டத்துக்கு 91,648. அதே ஆண்டு ஜூலையில் லண்டன் வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 87,192.

ஒவ்வொரு வாரமும் இப்படிக் கூட்டம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண லீக் ஆட்டங்களுக்கு இன்றும் கூட்டம் குறைவு. கிளப் சம்பளம் ஒரு நாளில் சமமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அது மெதுவாகத்தான் ஏறும். இங்கிலாந்தில் ஆண்களின் பிரீமியர் லீக் 1992-ல் தொடங்கியது. பெண்களின் முதல் பிரிவு லீக் முழுநேரத் தொழில்முறையாக மாறியதே 2018-ல்தான். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளந்து, குள்ளம் என்று தீர்ப்புச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

அமெரிக்கா கண்டுபிடித்த வழி

2019 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, அமெரிக்கப் பெண்கள் அணி தன் சொந்தச் சங்கத்தின் மேல் பாகுபாட்டு வழக்குப் போட்டது. அந்தக் கோடையிலேயே உலகக் கோப்பையையும் வென்றது. பிரான்சின் லியோன் நகரில் இறுதி ஆட்டம் முடிந்ததும் அரங்கமே “ஈக்வல் பே” என்று முழங்கியது. 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

பணத்தைவிட முக்கியம் அதே ஆண்டு மே மாதம் வந்த கூட்டு ஒப்பந்தம். வீரர்கள் தனித்தனியாகப் பேரம் பேசாமல், தொழிற்சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்தோடு போடும் ஊதிய உடன்படிக்கைதான் கூட்டு ஒப்பந்தம். தோல் தொழிற்சாலைகளும் பீடித் தொழிலும் உள்ள நம் பக்கத்தில் இதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. ஃபிஃபா பரிசைச் சமமாக்க அமெரிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. அதனால் இரண்டு அணிகளின் உலகக் கோப்பைப் பரிசையும் ஒரே பானையில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். 2022 கத்தார் கோப்பையில் அமெரிக்க ஆண்கள் இரண்டாம் சுற்றில் தோற்று 1.3 கோடி டாலர் பரிசோடு திரும்பினார்கள். அந்தப் பணத்தில் பெண்களுக்கும் பங்கு போனது. அடுத்த ஆண்டு பெண்கள் கொண்டுவந்ததில் ஆண்களுக்கும் பங்கு. ஆண்கள் அணி வீரர்களின் தொழிற்சங்கம் கையெழுத்துப் போடாவிட்டால் இது நடந்திருக்காது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காசு மட்டும்தானா?

அங்கீகாரம் என்று தனியாக ஒன்று உண்டு. ஆண்களில் ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது 1956-ல் தொடங்கியது. பெண்களுக்கு 2018-ல். முதலில் வாங்கியவர் நார்வேயின் அடா ஹெகர்பெர்க். விருதைக் கையில் கொடுத்த மேடையிலேயே நிகழ்ச்சி நடத்தியவர் அவரைப் பார்த்து, இடுப்பை ஆட்டி ஆடத் தெரியுமா என்று கேட்டார். “தெரியாது” என்று சொல்லிவிட்டு ஹெகர்பெர்க் திரும்பினார். அந்த ஆண்டின் உலகின் சிறந்த வீராங்கனை அவர்.

சர்வதேச ஆட்டங்களில் அதிக கோல் யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் ரொனால்டோ என்பார்கள். கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் 190 கோலோடு 2023-ல் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆணோ பெண்ணோ அந்த எண்ணிக்கையை வேறு எவரும் தொடவில்லை. கேள்வியிலேயே ‘ஆண்களில்’ என்று சொல்லாமல் விட்டுவிடுகிறோம், பதிலும் அப்படியே வருகிறது.

2023-ல் ஸ்பெயின் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற மேடையில் அந்நாட்டுச் சங்கத் தலைவர் லூயிஸ் ருபியாலெஸ், வீராங்கனை ஹென்னி ஹெர்மோசோவின் சம்மதமில்லாமல் அவர் உதட்டில் முத்தமிட்டார். வெற்றியைப் பற்றி எழுத வேண்டிய வாரங்களெல்லாம் அந்த மனிதரைப் பற்றிய செய்தியாகவே போயின. அவர் பதவி விலகினார். 2025-ல் நீதிமன்றம் அதைப் பாலியல் அத்துமீறல் என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது.

பிள்ளைப்பேறு இன்னொன்று. கர்ப்ப காலத்தில் சம்பளத்தை முழுதாகத் தராத லியோன் கிளப்புக்கு எதிராக ஐஸ்லாந்து வீராங்கனை சாரா பியர்க் குன்னார்ஸ்டோத்திர் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போய் 82,000 யூரோவுக்கு மேல் பெற்றார். குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பு என்ற ஃபிஃபா விதி 2021-ல்தான் வந்தது. அதற்கு முன் அதைக் கேட்கவே வீராங்கனைகளுக்கு ஒரு விதி கிடையாது.

“ஆனா வேகம் இல்லையே”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேலூர்க்காரர்களுக்கு வசதி அதிகம். சத்துவாச்சாரி பளுதூக்கும் ஊர். அங்கே வளர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ உடல் எடைப் பிரிவில் தங்கம் வென்றார். 105 கிலோ பிரிவுக்காரர் அவரைவிட அதிகம் தூக்குவார், அது எல்லாருக்கும் தெரியும். அதற்காக அந்தத் தங்கத்தை யாராவது மட்டமாகச் சொன்னோமா? ஊரே கூடி வரவேற்றோம். ஒத்த உடல்களுக்குள் யார் மேல் என்று பார்ப்பதுதான் போட்டி. தவிர, கால்பந்தை நாம் வேகத்துக்காக மட்டும் பார்ப்பதில்லை. வேகம்தான் எல்லாம் என்றால் நூறு மீட்டர் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நம்ம பக்கம்

இந்தியாவில் ஆண்களுக்கான இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) 2014-ல் வந்தது. பெண்களுக்கான இந்தியன் விமன்ஸ் லீக் 2016–17-ல். ஆரம்ப ஆண்டுகளில் எல்லா அணிகளையும் ஒரே ஊருக்கு வரவழைத்துச் சில வாரங்களில் முடித்துவிடுவார்கள். சில வாரம் ஆடும் வேலைக்கு ஆண்டுச் சம்பளம் யார் தருவார்? சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023–24-ல்தான் வந்தது.

அப்படியிருந்தும் தமிழகப் பெண்கள் சாதித்தது கொஞ்சமில்லை. 2018-ல் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன். 2023-ல் மறுபடியும். மதுரையின் சேது எஃப்சி 2019-ல் லீக்கையே வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் பெண்களில் பலருக்குக் கால்பந்து தரும் உண்மையான சம்பளம் கிளப்பிலிருந்து வருவதில்லை, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலையிலிருந்து வருகிறது. அது பெரிய பாதுகாப்பு. பெண்ணை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் அப்பாவைச் சம்மதிக்க வைப்பதும் அந்த வேலைதான். ஆனால் ஆட்டம் வேலைக்கான படிக்கட்டாக இருக்கும்வரை, வேலை கிடைத்ததும் பலர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2–1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாக முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தது. அந்த வாரம் அதைப் பற்றி உங்களிடம் யாராவது பேசினார்களா?

வேலூரில் இடைவெளி எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஃபிஃபா வரை போக வேண்டாம். இந்த ஊர் வெயிலில் பயிற்சிக்கு இரண்டே நேரம்தான் உண்டு: காலை எட்டு மணிக்குள், இல்லாவிட்டால் சாயங்காலம் நாலரைக்கு மேல். சாயங்காலம் நாலரைக்கு எந்த மைதானத்துக்குப் போனாலும் நாலைந்து கிரிக்கெட் ஸ்டம்ப் நட்டாயிற்று, நடுவில் பையன்களின் ஃபுட்பால். பெண்களுக்கு ஓரத்தில் கல்லும் முள்ளும் கிடக்கிற ஒரு பட்டை. ஆறு மணி ஆனால், “இருட்டறதுக்குள்ள வந்துடும்மா” என்று வீட்டிலிருந்து போன். காட்பாடிக்கோ பாகாயத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். உடை மாற்ற அறை இல்லை, பூட்டாத கழிப்பறை இல்லை. ஜெர்சி பையன்கள் அணியுடையது, தோள் முழங்கைக்கு வந்து நிற்கும். பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். பையன்களுக்கும் பீரியட் போகிறது. ஆனால் அவர்கள் சாயங்காலம் தெருவில் ஆடிவிடுவார்கள். பெண்களுக்குப் பள்ளியில் போனால் போனதுதான்.

2022-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற சில நாட்களில் இங்கிலாந்துப் பெண்கள் அணி தங்கள் நாட்டு அரசியல் தலைவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதியது. அதில் சம்பளம் கேட்கவில்லை. பள்ளியில் 63 சதவீதப் பெண்களுக்குத்தான் உடற்கல்வி வகுப்பில் கால்பந்து ஆட வாய்ப்பிருக்கிறது, அது எல்லாருக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு அரசு இசைந்தது.

நம் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் இதைக் கேட்கலாம். பெற்றோர் கூட்டத்தில் மார்க் பற்றிப் பேசி முடித்த பிறகு, “மேடம், பொண்ணுங்களுக்கு மைதானம் எந்தெந்தக் கிழமை?” என்று ஒரு கேள்வி. கிழமை சொன்னால் எழுதிக்கொண்டு, அந்தக் கிழமையில் நாலரைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.